தீவுக்கு நான் அனுப்பிய வார்மர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், டெக்சாஸின் கேட்டி நகரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இது ஆரம்பித்தது. மதியம் இரண்டு மணி இருக்கும். இட்லிப்பொடிக்கு வறுத்ததை என் கணவர் மிக்ஸியில் போட்டுக்கொண்டிருந்தார். என் போனில் வீடியோ கால் வந்தது. அழைத்தவர் பக்கத்து வீட்டு அங்கிள். பக்கத்து வீடு என்று பெயர்தான். அப்போது அவர் இருந்தது பசிபிக் கடலில், டோங்கா நாட்டின் ஒரு சின்னத் தீவில். அங்கே திங்கட்கிழமை காலை விடிந்திருந்தது.

அவரையும் அவர் மனைவி ஆன்ட்டியையும் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இருவரும் அமெரிக்கர்கள், எழுபதைத் தாண்டியவர்கள். அவர் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆன்ட்டி பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். நாங்கள் குடிவந்த வாரமே வாழைப்பழ ரொட்டியோடு வந்து கதவைத் தட்டினார்கள். சர்ச்சில் ரொம்ப ஈடுபாடு உள்ளவர்கள் என்று தெரிந்ததும் நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன். எப்போது மதத்தைப் பற்றிப் பேச்செடுப்பார்களோ என்று ஒரு பயம். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. என் மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அங்கிள்தான். எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது பத்து நாளும் சூப் கொண்டுவந்தவர் ஆன்ட்டி. நாங்கள் சைவம் என்பதால் எங்களுக்கென்று தனிப் பாத்திரத்தில் வைத்த சூப்.

அவர்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெற்ற தம்பதிகள் விருப்பப்பட்டால் சொந்தச் செலவில் ஒன்றரை வருடம் ஏதாவது ஒரு நாட்டுக்குப் போய் சேவை செய்துவிட்டு வரலாம். இவர்களுக்குக் கிடைத்தது இந்தத் தீவு. குடிதண்ணீர்த் தொட்டிகள் பொருத்துவதும், அங்குள்ள சின்ன சுகாதார நிலையத்துக்கு உதவுவதும் வேலை.

"இந்த வயசுல எதுக்கு இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"முழங்கால் இன்னும் வேலை செய்யுது, ஹனி. அது நிக்கறதுக்குள்ள போயிட்டு வந்துடறோம்" என்று சிரித்தார் ஆன்ட்டி.

நான் ஒரு மருத்துவமனையில் கருவிகளைச் சோதித்துப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். பதினாறு வருட அனுபவம். மூடப்பட்ட ஒரு கிளினிக்கிலிருந்து பச்சைக் குழந்தைகளுக்கான பழைய வார்மர் ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ளத் தெரியாது. மேலிருந்து இதமான வெப்பம் தருகிற தொட்டில் மாதிரியான கருவி இது. கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா என்று ஆன்ட்டி கேட்டார். இரண்டு சனிக்கிழமைகள் அவர்கள் கராஜில் உட்கார்ந்து ஹீட்டரை மாற்றினேன், வெப்பம் சரியாகக் காட்டுகிறதா என்று நாலு முறை சோதித்தேன், சக்கரங்களுக்குக்கூட எண்ணெய் விட்டேன். கடைசியில் 'சோதிக்கப்பட்டது' என்று ஒரு ஸ்டிக்கரில் என் கையெழுத்தைப் போட்டு ஒட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமை. அது கப்பலில் போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மாதம் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அங்கிளின் முகம் வெளிறிப்போயிருந்தது. விடிகாலையில் எட்டு மாதத்திலேயே ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகிவிட்டது. பெரிய தீவுக்குப் போகலாம் என்றால் கடல் கொந்தளிக்கிறது, படகு கிடையாது. மழையில் குட்டி விமானமும் வராது. முதல் தடவையாக வார்மரை ஆன் செய்திருக்கிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 'டப்'பென்று சத்தம், புகை.

"ஃப்யூஸ் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்து வரிசையாகக் கேட்டேன். அவர் பின்பக்க மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கரண்டை வாங்கித் தருகிற பவர் போர்டு கருகிக் கிடந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே அத்தனை நன்றாக ஓடியதே!

என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த என் கணவர் தமிழில் கேட்டார்:

"ஏம்மா, அங்க கரண்ட் நம்மூரு மாதிரி இருநூத்தி நாப்பதா இருக்கப்போவுது. ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமயா செருகினாங்க?"

அவர் சாஃப்ட்வேர்க்காரர். ஒரு ஸ்க்ரூவைக்கூட நேராக முடுக்கத் தெரியாது. என் காலடியில், ஈரோட்டிலிருந்து கொண்டுவந்த மிக்ஸிக்கு வோல்டேஜை ஏற்றித் தர நாங்கள் வாங்கிய ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடமாக தினமும் அதைத் தட்டித்தான் சட்னி அரைக்கிறேன். அமெரிக்காவின் நூற்றிருபது வோல்ட் கருவியை அந்தத் தீவுக்கு அனுப்புகிறோமே, அங்கே கரண்ட் என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

"அங்கிள், அங்க வோல்டேஜ் வேற" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். 'நான் பார்த்திருக்கணும்' என்று சேர்த்துச் சொல்லவில்லை.

"ஓ, அப்படியா. பின்னுக்குப் பொருந்தற அடாப்டர் மட்டும்தான் வாங்கினேன்" என்றவர், "சரி, இப்ப என்ன செய்யணும்னு சொல்லு" என்றார்.

அதற்குள் ஆன்ட்டி போனை வாங்கிக்கொண்டார். குழந்தையின் தாய் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவள் வெற்று மார்போடு மார்பாகக் குழந்தையை ஒட்டிவைத்து, தலையில் கம்பளித் தொப்பி போட்டு, மேலே போர்வையைச் சுற்றியிருந்தார்கள். ஆன்ட்டி போர்வைக்குள் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பாதம் சூடா இருக்கு. அம்மாவோட உடம்பைவிட நல்ல வார்மர் கிடையாது. நீ மெஷினைப் பாரு, நாங்க இவளைப் பாத்துக்கறோம்."

அன்று மாலையே கனமான ஒரு ட்ரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர் போட்டேன். எங்கள் மிக்ஸியுடையதை அனுப்பினால் வார்மர் இழுக்கும் கரண்டை அது தாங்காது. மறுநாள் என் மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். உதிரி பாகத்துக்காக ஒதுக்கி வைத்திருந்த ஒரு பழைய மெஷினிலிருந்து பவர் போர்டைக் கழற்றிக்கொள்ள அனுமதி தந்தார். ஆனால் இதெல்லாம் தீவுக்குப் போவது எப்படி? கூரியரில் போட்டால் வாரக்கணக்காகும் என்றார்கள்.

வழி சொன்னதும் அங்கிள்தான். சுகாதார நிலைய நர்ஸின் அக்கா டெக்சாஸிலேயே, டாலஸ் பக்கம் யூலஸ் என்ற ஊரில் இருக்கிறாராம். அங்கே டோங்காக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. அந்த அக்கா வியாழக்கிழமை ஊருக்குப் பறக்கிறார். புதன்கிழமை லீவ் போட்டுவிட்டு, செவ்வாயன்று வந்துசேர்ந்த ட்ரான்ஸ்ஃபார்மரைக் காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, பவர் போர்டையும் எடுத்துக்கொண்டு, நாலு மணி நேரம் டிரைவ் பண்ணிப் போனேன்.

அந்த வீட்டில் பெட்டிகள் திறந்து கிடந்தன. நல்ல உயரமும் அகலமுமான அந்த அக்கா, என்னைப் பார்த்த மாத்திரத்தில் இறுகக் கட்டிக்கொண்டார். ட்ரான்ஸ்ஃபார்மரைத் தராசில் வைத்தார். பதினெட்டு கிலோ. ஊரில் இருக்கும் தம்பி பிள்ளைகளுக்காக அடுக்கியிருந்த ஷூக்களையும் இறைச்சி டின்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் இதைத் துணிகளில் சுற்றி இறக்கினார். எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

பிறகு சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்காரவைத்தார். சைவம் என்றேன். தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கு இலையும் கிழங்கும் வந்தன. சாப்பிடும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"பாவம் அந்தத் தாத்தா. கரண்டைக் கவனிக்காம நான்தான் எரிச்சுட்டேன்னு குழந்தை வீட்டுப் பெரியவர் முன்னால பாயில உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாராம். தங்கச்சி போன்ல சொல்லி அழுதா."

நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மெஷினுக்காக, எழுபத்து மூன்று வயதுக்காரர், வலிக்கும் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்திருக்கிறார். தட்டைக் கீழே வைத்தேன்.

"அது அவர் தப்பில்லைங்க. அந்த மெஷினைச் செக் பண்ணி அனுப்பினது நான். நான்தான் பார்த்திருக்கணும். பயந்துபோய் அவர்கிட்டகூட சொல்லலை" என்றேன். கண்ணில் நீர் முட்டியது.

"அவர் தன் தப்புன்னாரு. நீ உன் தப்புங்கறே. சண்டையை நீங்க ரெண்டு பேரும் வெச்சுக்குங்க. இப்ப சாப்பிடு" என்று அந்த அக்கா இன்னொரு கரண்டி வைத்தார்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடத்தில் காரை நிறுத்தி அங்கிளை அழைத்தேன். இந்தத் தடவை எதையும் விழுங்காமல் சொன்னேன்.

"ப்ளக்கைச் செருகினது என் கைதானே?" என்றார். பிறகு, "நான் மன்னிப்புக் கேட்டது தெரிஞ்சு நீ வருத்தப்படக் கூடாதுன்னு நெனச்சோம். நல்லவேளை, நீயே சொல்லிட்டே. சரி, போர்டு வந்ததும் எந்த ஒயரை எங்க மாட்டணும்?" என்று கேட்டார்.

அடுத்த வாரம், நான் இங்கிருந்து போனில் காட்டிக் காட்டிச் சொல்ல, அவர் பஸ் என்ஜினில் பழகிய கைகளால் போர்டை மாற்றினார். வார்மர் ஒளிர்ந்தது. ஆனால் அந்தக் குழந்தைக்கு அது தேவைப்படவே இல்லை. தாய் களைத்தால் தகப்பன், அவன் களைத்தால் அத்தை, சித்தி என்று நெஞ்சு மாற்றி நெஞ்சில் வைத்தே அதைத் தேற்றிவிட்டிருந்தார்கள். பால் குடிக்க ஆரம்பித்திருந்தது. வார்மர் அடுத்தடுத்து வந்த குழந்தைகளுக்கு உதவியது, இன்றும் உதவுகிறது.

அங்கிளும் ஆன்ட்டியும் தவணை முடிந்து திரும்பி வந்துவிட்டார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது மூன்று வயது. பெண் குழந்தை, நல்ல வாலு என்கிறார் ஆன்ட்டி. நன்றி சொல்லப் போனால் அங்கிள் பேச்சை மாற்றிவிடுகிறார்.

என் வேலையில் தவறு நடந்தால், முதலில் யார் செய்தது என்று எழுத ஒரு படிவம் இருக்கிறது. அது தேவைதான். ஆனால் யார் தவறு என்று ஒரு தடவைகூடக் கேட்காமல், குழந்தைக்குக் குளிர்கிறதா என்று மட்டும் பார்த்த இரண்டு பேருக்குப் பக்கத்து வீட்டில் வாழக் கிடைத்ததை, நான் செய்த எந்தப் புண்ணியத்தின் பலன் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.