மூன்று காலோடு ஒரு படம்

எங்கள் நாய்க்கு முன்கால் ஒன்று இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அக்கராயனில் எங்கள் வயலில் நெல் வெட்டிய நாளில், மெஷினுக்குள் அகப்பட்டுவிட்டது. இது தப்பாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் கணவரும் உரப்பையில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் மிருக வைத்தியரிடம் காட்டினோம். தப்பியது. மூன்று காலில் ஓடவும் பழகிவிட்டது.

அதைப் படமாகக் கீறுவித்து விறாந்தையில் மாட்டப் போகிறேன் என்று நான் சொன்னபோது, கணவரின் தாயான மாமி சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"செத்த ஆக்களின்ர படத்தைத்தான் சுவரில மாட்டுறது. உயிரோட இருக்கிற நாய்க்கு என்னத்துக்கு? அதுவும் நொண்டி நாய். சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மாமி."

வளர்ப்புப் பிராணிகளின் படம் கீறும் பெண் ஒருத்தி வவுனியாவில் இருந்தாள். போனில் கிடந்த படங்களை அவளுக்கு அனுப்பினேன். அன்றே கதைத்தாள்.

"அக்கா, எல்லாம் மேல நிண்டு எடுத்திருக்கிறியள். தலை பெரிசாவும் உடம்பு சின்னனாவும் தெரியுது. அதின்ர கண் மட்டத்துக்குப் பதிஞ்சு எடுங்கோ. கறுப்பு நாயெண்டபடியால் உச்சி வெயிலில ஒண்டும் தெரியாது. நிழலில, வெளிச்சம் வாற பக்கம் பாக்க விடுங்கோ." கொஞ்சம் தயங்கினாள். "விரும்பினா நாலு காலாவும் கீறலாம். தழும்பு கிழும்பு இருந்தா மறைக்கச் சொல்லிக் கனபேர் கேக்கிறவை."

"இல்லாத காலைக் கீற வேண்டாம்."

"அப்ப அந்தப் பக்கத்தைக் கிட்டப் போய்த் தெளிவா எடுங்கோ. தெரியாததை நான் நினைச்சுக் கீறினா, அது உங்கட நாயா இராது."

அந்தப் பக்கத்தை அது யாருக்கும் காட்டாது. எப்போதும் அந்தப் பக்கமாகவே சரிந்து படுத்திருக்கும். மறுநாள் காலை மாமர நிழலில் நான் குப்புறப் படுத்துக்கொண்டேன். கணவர் போனுக்கு மேலே கருவாட்டுத் துண்டைப் பிடித்தார். பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார்.

"என்ன, நாயைக் கும்பிடுறியோ?"

"ஓம் அக்கா. கொஞ்சம் கதையாமல் நில்லுங்கோ, அது உங்களைப் பாக்குது."

பாதிப் படங்கள் கலங்கிப் போயின. கருவாட்டைக் கண்டால் அது பாயாமல் இருக்குமா? கடைசியில் ஒருமுறை காதுகளை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் நின்றது. கால் இருந்த இடத்தில் மயிர் முளைக்காத தழும்பு தெளிவாகத் தெரிந்தது. உடனே எடுத்துவிட்டேன்.

மூன்று கிழமையில் ஓவியம் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. தழும்பு அப்படியே இருந்தது. மாமி கிட்டப் போய்ப் பார்த்தார்.

"குசினிக்குள்ள, அடுப்படியில மாட்டு."

நான் விறாந்தையில், கேற்றடியில் நின்றாலே தெரியும் இடத்தில் ஆணி அடித்தேன். அன்று முழுக்க மாமி என்னோடு கதைக்கவில்லை. நானும் கழற்றவில்லை.