அண்ணன் சொன்னதும் நான் சொன்னதும்

எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். கை காட்டியும் நிற்காமல் போன டவுன் பஸ் கண்டக்டரை மறுநாள் ஏறிப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறேன். நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரையே எதிர்த்துக் கேட்டிருக்கிறேன். இரண்டாயிரத்து நான்கில் ஒரு சாயங்காலம், போலீஸ் ஸ்டேஷனில் அந்த வாய் அடைத்துப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். தாராளமாகப் பேசியது. தப்பாகப் பேசியது.

அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலை. சின்ன வயதிலிருந்து நாங்கள் கையாலேயே பேசிக்கொள்வோம். அந்தச் சைகையில் பாதி அவர் உண்டாக்கியது, பாதி நான். அம்மா போன பிறகு அது முழுசாகத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

அன்றைக்கு மாட்டுக்குப் புண்ணாக்கு மூட்டையோடு சைக்கிளில் வந்திருக்கிறார். கேரளாவுக்கு ரேஷன் அரிசி கடத்துகிறார்கள் என்று ரோட்டில் போலீஸ் சோதனை. விசில் அடித்திருக்கிறார்கள். அவர் பாட்டுக்குப் போயிருக்கிறார். துரத்திப் பிடித்து, ஏட்டு ஒருவர் முதுகில் லத்தியால் மூன்று அடி அடித்திருக்கிறார். காதைத் தொட்டு, கையை ஆட்டி, கேட்காது என்று விளக்கப் பார்த்திருக்கிறார். கை ஓங்குகிறான் என்று சொல்லி, அவர் தோளில் கிடந்த துண்டாலேயே இரண்டு கையையும் கட்டிவிட்டார்கள்.

தோட்டத்து ஆள் ஒருவர் வந்து சொல்லி நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். கட்டிய கையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். வாயைப் பொத்திவிட்டுப் பேசு என்றால் எப்படி? நான் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, “டீச்சரா? உக்காருங்க டீச்சர்” என்றார். கட்டை அவிழ்க்கவும் சொன்னார்.

கை விடுபட்டதும் அண்ணன் பேச ஆரம்பித்தார். முதுகைக் காட்டினார். மூன்று விரலைக் காட்டினார். அடித்த ஏட்டைக் காட்டினார். பிறகு உள்ளங்கையில் விரலால் எழுதுவதுபோல் செய்து, மேசைமேல் இருந்த நோட்டைக் காட்டினார். இதை எழுதச் சொல், ஏன் அடித்தார் என்று கேள். இரண்டு தடவை சொன்னார்.

“என்ன டீச்சர் சொல்றாரு?”

“தெரியாமப் பண்ணிட்டாகளாம் சார். மன்னிச்சுக்கிரச் சொல்றாக.”

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். ஏட்டும் சிரித்தார். “சரி, கூட்டிட்டுப் போங்க. இனிமே தனியா விடாதீக.”

முதுகில் விழுந்த அடியைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பது அண்ணனுக்குத் தெரியாதா? என் பக்கம் திரும்பி, என்ன சொன்னாய் என்று கேட்டார். நீ சொன்னதைத்தான் என்று கை காட்டினேன்.

கேஸ், கோர்ட், அலைச்சல் என்று பயந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். என்னை டீச்சர் என்று கூப்பிட்டு உட்கார வைத்தவர் கொடுத்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. சீ, நானெல்லாம் ஒரு தங்கச்சி.

சைகை தெரிந்தவரை வைத்து, காது கேளாதவர் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும், அது அவருடைய உரிமை என்று பின்னால் தேனியில் ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். சைகை தெரிந்த ஆள் அன்றைக்கு அங்கே இருந்தேனே.

அண்ணன் இதைப்பற்றி என்னிடம் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. நான் சமைத்துக் கொடுத்தால் சாப்பிடுவார், என் பிள்ளைகளைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போவார். ஆனால் அன்றிலிருந்து நான் அவருக்காகப் பேசும்போது என்னைப் பார்ப்பதில்லை. கேட்கிறவர் முகத்தைத்தான் பார்க்கிறார். ஆறு வருஷம் கழித்து ஒரு நாள் அவருக்கு வயிற்றுவலி. மருந்துக்கடையில், வலது பக்கம் வலிக்கிறதாம் என்று நான் சொன்னேன். கடைக்காரர் தன் வயிற்றின் வலது பக்கத்தில் கையை வைத்து, “இங்கனயா?” என்று கேட்டார். அந்தக் கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று அண்ணன் உற்றுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தலையை ஆட்டினார்.