கடைசியாக இறங்குகிறவர்

எங்கள் கால்பந்து அணியில் நான்தான் மைதானத்துக்குள் கடைசியாக இறங்குவேன். அது ஒரு கெத்து. நூறு வருஷத்துக்கு முன் தென்னமெரிக்காவில் ஆடிய ஒருவரிடம் பிடித்துக்கொண்டது. அந்த ஊருக்கே கால்பந்துப் பித்து பிடிக்கக் காரணமான முதல் சிலரில் அவர் ஒருவர். எல்லோரும் இறங்கி நின்ற பிறகு, கூட்டம் காத்திருக்க, அவர் மட்டும் தனியாக வருவாராம். ராஜா என்றால் இப்படித்தான் என்று, படித்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

உண்மையில் என் தாமதத்துக்கு அம்மாதான் காரணம். ஆதம்பாக்கத்திலிருந்து என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அடையாறு மைதானத்துக்கு வருவாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் என் முகத்தில் சன்ஸ்க்ரீன் தடவி, அதன்மேல் பவுடரை அப்பி, தள்ளி நின்று பார்த்துத் திருப்தியானால்தான் விடுவாள். பாதி ஆட்டத்துக்குள் அது வேர்வையோடு கழுத்துக்கு வழிந்துவிடும். வேலைக்குப் போகிற வயதில் இதற்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

போன ஞாயிறு மாலை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. "இதான் உன் கடைசி மேட்ச். வெயில்ல கறுத்துக்கினே போனா எவன்டி கட்டுவான்?" என்று அம்மா காலையில் மைதானத்து ஓரத்தில் பவுடர் அப்பிக்கொண்டே தீர்த்துச் சொல்லிவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு ஓடியே போயிருப்பேன். ஆனால் முகவாய் அவள் பிடியில் இருந்தது. போனைத் திறந்தேன். "உன் ஹீரோ மேட்டர் படி மச்சி" என்று எங்கள் கோல்கீப்பர் எதையோ அனுப்பியிருந்தாள்.

அவருடைய அப்பா வெள்ளைக்காரர். அம்மா கறுப்பினப் பெண். வெள்ளையர்களின் கிளப்புகளில் கறுப்பர்களுக்கு இடமில்லாத காலம். மற்றவர்கள் இறங்கிய பிறகும் அவர் உடை மாற்றும் அறையிலேயே இருப்பாராம். தலைக்கு எண்ணெய் தடவி, சூடான துண்டைச் சுற்றிக்கொண்டு, சுருட்டை முடி வெள்ளையர் முடிபோலப் படிகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாராம். கடைசியாக வந்தது அதனால்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதையா நான் கெத்து என்று காப்பியடித்தேன்?

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாரி ஆயிடுச்சு?" என்றாள் அம்மா.

போனில் இருந்ததை அப்படியே படித்துக் காட்டினேன். பவுடர் பஞ்சு என் கன்னத்தருகே நின்றுவிட்டது.

"அவங்க அம்மா அப்போ உசுரோட இருந்தாங்களா?"

"தெரியலம்மா. அதுல போடல."

"இல்ல, புள்ள அப்டி குந்திகினு இருந்தத அவங்க பாத்தாங்களான்னு கேட்டேன்."

அந்த அம்மாவைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. என் நிறம் என் அம்மாவின் நிறம்.

அம்மா முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பவுடரெல்லாம் சேலையோடு போயிற்று. மைதானத்தை எட்டிப் பார்த்தாள்.

"போ, இன்னும் யாரும் இறங்கல. அடுத்த வாரம் எத்தினி மணிக்கு மேட்ச்சுன்னும் கேட்டுகினு வா."