பனிக்கடியில் கூப்பிட்டேன்

இனிப் பிழைக்கமாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் நான் முருகனைக் கூப்பிட்டேன். அடியார்களே, அதற்கு முன்பு எனக்குப் பெரிய பக்தி கிடையாது.

சொந்த ஊர் இலஞ்சி. ராணுவத்தில் இருக்கிறேன். போன தை மாதம் இமயமலையில் ஒரு முகாமில் காவல். மூன்று நாள் ஓயாத பனிப்புயல். நாலாம் நாள் காலையில் வானம் வெளுத்தது. மலையில் எங்களுக்கு மேலே இருந்த காவல் சாவடியில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் என்று வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. மருந்தோடு மூன்று பேர் கிளம்பினோம். சுரண்டைக்காரரான ஹவில்தார் செல்லையா அண்ணாச்சி, நான், இமாச்சலைச் சேர்ந்த ரமேஷ்.

சரிவின் ஓரத்தில் அண்ணாச்சி குழி தோண்டிப் பார்த்தார். மேலே காற்று இறுக்கிய புதுப்பனி, பலகை மாதிரி. அதற்குக் கீழே பழைய பனி சீனியாக உதிர்ந்தது.

“ஏலே, இது நிக்காதுலே. ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்ல பாரு.”

“மேல ஒருத்தன் சாகக் கெடக்கான் அண்ணாச்சி” என்றேன்.

மருந்துப் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். “சரி, நான் தாண்டுன பொறவு நீ வா. ஒவ்வொருத்தராத்தான் போவணும்.”

அவர் தாண்டிவிட்டார். நான் பாதி தூரம் போயிருப்பேன். காலடியில் பொத்தென்று ஒரு சத்தம். தலைக்கு மேலே பனி நீளமாகப் பிளந்தது. எனக்குப் பின்னால் ரமேஷ் காத்து நின்ற இடமும் சேர்ந்தே சரிந்தது.

உருண்டு நின்றபோது ஒரே இருட்டு. சிமெண்டில் புதைத்ததுபோல விரல்கூட அசையவில்லை. மேல் எது, கீழ் எது, தெரியவில்லை. விட்ட மூச்சே முகத்துக்கு முன்னால் உறைந்தது. கத்தினேன். யாருக்குக் கேட்கும்? என் பேச்சைக் கேட்டுத்தானே எல்லோரும் வந்தோம். மகள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை.

“முருகா, உசுரு கேக்கல. ஒடம்பையாவது எம்பொண்டாட்டிகிட்ட சேத்துரு.”

அவ்வளவுதான் கேட்டேன். நினைவு மங்கியது. அப்போது தோளில் ஒரு கம்பி குத்தியது.

“கண்ணத் தொறலே! தொறந்துருலே!” அண்ணாச்சி அழுதுகொண்டிருந்தார். என் உடம்பில் கட்டியிருந்த கருவியின் சிக்னலைப் பிடித்து, கம்பியால் குத்திப் பார்த்து, ஒற்றை ஆளாகத் தோண்டி எடுத்திருந்தார்.

இருவரும் ரமேஷைத் தேடித் தோண்டினோம். ஆழத்தில் கிடந்தான். உயிர் இல்லை. சாவடியில் மூச்சுத்திணறிக் கிடந்தவரை மறுநாள் ஹெலிகாப்டர் கொண்டுபோய்க் காப்பாற்றியது.

என்னை மட்டும் ஏன் எடுத்தாய் என்று, லீவில் ஊருக்கு வந்ததும் எங்கள் ஊர் முருகனான இலஞ்சிக் குமாரர் சன்னதியில் கேட்டு அழுதேன். இப்போது வாராவாரம் ரமேஷின் அம்மாவுக்குப் போன் பேசுகிறேன். “சாப்பிட்டாயா மகனே?” என்று இந்தியில் கேட்பார். அந்தக் குரலுக்காகத்தான் முருகன் என்னை விட்டுவைத்தானோ என்னவோ.

நம்பிக்கை இருந்தால்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. எனக்கு அங்கே துளியும் இல்லை. அப்படியே கூப்பிடுங்கள்.