தம்பிராசாவின் கடைக்கதவு

திருகோணமலை பஸ் நிலையத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த தம்பிராசாவுக்கு வலிப்பு வரும். உப்புவெளிக் கனகம்மாவோடு பேசியிருக்கும் கலியாணம் முடியும்வரை அது ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் அவனுடைய ஒரே பிரார்த்தனை. இடது பெருவிரல் துடிக்கத் தொடங்கினால் போதும், ஆட்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே விழுவான்.

அங்கேதான் வந்தது வினை. அது எண்பத்தாறாம் ஆண்டு, சண்டைக் காலம். பஸ் நிலையத்தடிக் கடைக்காரன் சும்மா பூட்டுவானா, ஏதோ நடக்கப்போகிறது என்று எதிர்க்கடையும் பூட்டும். மீன் சந்தை பூட்டும். பஸ் நிற்கும். கால் மணித்தியாலத்தில் பட்டணம் வெறிச்சோடிவிடும். வலிப்புத் தெளிந்து எட்டிப்பார்க்கும் தம்பிராசா, "ஐயோ, என்ன பிரச்சினையாம்?" என்று தானும் பயந்து திரும்பக் கதவைச் சாத்துவான்.

கடைசியில் டொக்டரிடம் போனான்.

"மூளையில ஒவ்வொரு நரம்புக் கலமும் தன்ர கதையைத்தான் கதைக்கும். எது எதோட இணைஞ்சிருக்கு எண்டதிலதான் விஷயம்," என்றார் அவர். "ஒதுக்குப்புறத்தில ஒண்டு குழம்பினா அங்கயே அடங்கிடும். கனக்கத் தொடுப்பு உள்ள இடம் குழம்பினா, எல்லாம் ஒரே தாளத்தில துடிக்கும். அதுதான் உமக்கு வாறது."

தம்பிராசா யோசித்தான். பின்சந்துத் தையற்காரன் அன்ஸார் வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்குப் பூட்டுகிறான், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தான் பூட்டினால் ஊரே பூட்டுகிறது.

"அட நாசமாப் போக! என்ர மண்டைக்குள்ளயும் ஒரு பஸ் நிலையமோ?"

டொக்டர் குளிசை கொடுத்தார். அடுத்த மாதமே ஒருநாள் அதை விழுங்க மறந்தான். விரல் துடித்தது, கதவைச் சாத்தினான், ஊர் அடங்கியது. இந்தமுறை துப்பாக்கியோடு ஆமி வந்தது. அவசரமாகப் பூட்டிக்கொண்டிருந்த அன்ஸாரைப் பிடித்து, ஊரை மூடவைத்தவன் நீதானே என்று நடுறோட்டில் முழங்காலில் இருத்தினார்கள்.

வலிப்புத் தெளிந்த தம்பிராசா கதவிடுக்கால் பார்த்தான். வாயைத் திறந்தால் கலியாணம் போச்சு. திறக்காவிட்டால் அன்ஸார் போச்சு. பாவி மனுசன் வெளியே வந்தான்.

"நான்தான் ஐயா முதல் பூட்டினனான். எனக்கு வலிப்பு!" என்று ஊர் கேட்கக் கத்தி, கடிபட்டு இரத்தம் வடிந்த நாக்கை அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினான். அந்தக் காலத்தில் அப்படி நாக்கை நீட்டிவிட்டு உயிரோடு திரும்பியவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அதிகாரி முகத்தைச் சுளித்து இரண்டு பேரையும் போகச் சொன்னான்.

கதை அன்றைக்கே உப்புவெளிக்குப் போய்விட்டது. மறுநாள் கனகம்மா தனியாகக் கடைக்கு வந்தாள். தம்பிராசா தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினான். அது வலிப்பில்லை, வெறும் பயம்.

"மூண்டு தரம் பஸ் இல்லாமல் வீட்டை நடந்து போனனான்," என்றாள். "எல்லாம் உங்கட கதவாலயோ?"

"ஓம்."

அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இனி விழுறதெண்டா கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு விழுங்கோ. பிரட்டிப் படுக்க வைக்க நான் நிப்பன். சனத்துக்கு பஸ் ஓடட்டும்."