எதிர் ஷெட்டுக்குப் போன கேரவன்

லாரிகளுக்கு ஏர் பிரேக் பார்க்கும் என் ஷெட்டைத் தாண்டி, அந்தப் பெரிய கேரவன் எதிரே செல்வத்தின் ஷெட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மாதவரத்தில் காற்று வேலை என்றால் நான்தானே! அவனோ, வண்டி குலுங்காமல் தாங்கும் ஏர்பேக் சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்க, வண்டியின் அடியிலேயே கம்ப்ரசரை மாட்டிவிட்டான்.

டெலிவரி அன்று உதவுவதுபோல் போய், குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒன்றில் நுரை கிளம்பியது.

"இன்னா செல்வம், காத்து லீக்காவுது?" என்று கேரவன் ஓனர் காதில் விழும்படி கத்தினேன்.

செல்வம் குனிந்து அதை இறுக்கினான். பிறகு என்னைக் காட்டி ஓனரிடம் சொன்னான்: "மாமு மட்டும் பாக்கலைன்னா வழியில பேஜாராயிருக்கும் சார். காத்து வேலைக்கு இந்த ஏரியாவுல இவர்தான் கில்லாடி."

அவன் இடத்தில் நான் இருந்திருந்தால், அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது.

இன்றும் அவனைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் அந்த வண்டிக்காக இல்லை.