பாதித் தட்டு அக்கா

அந்தச் சுகாதார நிலையத்துக்கு வருகிற பெண்களில் யாருக்கும் அவளுடைய பேர் தெரியாது. பாதித் தட்டு அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். புதன்கிழமைதோறும், குழந்தைக்கு ஊசி போடக் காத்திருப்பவர்கள் முன்னால் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தட்டுல பாதி காய் இருக்கணும், கால்வாசி பயறோ முட்டையோ, மிச்சக் கால்வாசிதான் சோறு" என்று நாலு வருஷமாகச் சொல்லிவந்தாள். அட்டையின் தலையில், நாலு பேர் குடும்பத்துக்குச் சத்தான ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவு என்று ஒரு தொகை அச்சடித்திருக்கும். அதை அவள் வாசிக்கும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் இஸ்திரிக் கடைக்காரி சிரிப்பாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரிப்பார்கள். தன் பேச்சு கலகலப்பாக இருக்கிறது என்று அக்கா எடுத்துக்கொண்டாள். பேச்சாளர்களுக்கு இந்த வசதி எப்போதும் உண்டு.

வீட்டில் நடப்பு வேறு. வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு அரிசியை அடுப்பில் ஏற்றி, உருளைக்கிழங்கை வெட்டி எண்ணெயில் போடுவாள். தட்டில் பாதி உருளைக்கிழங்கு, பாதி சோறு. டயர் கடையில் வேலை பார்க்கும் கணவன், கரி போகாத விரலால் தட்டைச் சுட்டி, "உங்க அட்டையில உருளைக்கிழங்கு காய்ல சேருமா, சோத்துல சேருமா?" என்பான்.

"உங்க வாய்ல சேரும். சாப்பிடுங்க."

ஒன்பது வயது மகளுக்குப் பச்சை நிறத்தில் எதுவும் ஆகாது. மாமியாருக்கு, மருமகள் சமைத்தால் எந்த நிறத்திலும் ஆகாது. ஆகவே உருளைக்கிழங்கு அந்த வீட்டில் ஒரு சமாதான உடன்படிக்கையாக இருந்துவந்தது.

அக்கா பொய் சொல்லுகிறவள் இல்லை. அட்டையில் இருப்பதை அவள் முழுசாக நம்பினாள். செய்து பார்க்கத்தான் நேரமில்லை.

அவளுடைய வேலை தற்காலிகம். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒரு காகிதம் வரும். வருமா வராதா என்று அதற்கு முந்தின ஒரு மாதம் தபால்காரரை வழிமறித்துக் கேட்பாள். இந்த வருஷம் ஒரே ஓர் இடம் நிரந்தரமாகப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"தலைமை அலுவலகத்துலேர்ந்து மேடம் வர்றாங்க. அந்த அட்டையே அவங்க போட்டதுதான். பேசறவங்க வீட்டுலயே அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாக்கணுமாம். நிரந்தரம் பண்றது அவங்க கையிலதான் இருக்கு. உங்களுக்கு என்ன, தினமும் பண்றதுதானே?"

"ஆமாங்க" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. மூளைக்குத் தகவல் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. அட்டை சொன்ன தொகையைத் தனியாக எடுத்து முடிந்துகொண்டு சந்தைக்குப் போனாள். இரண்டு கட்டுக் கீரை, அரை முட்டைக்கோஸ், நாலு கேரட், கொஞ்சம் பயறு, நாலு முட்டை. தொகை தீர்ந்தது. கீரை சட்டியில் விழும்போது மலைபோல் இருந்தது. வதங்கி முடிந்ததும் தேர்தலுக்குப் பிந்தைய வாக்குறுதிபோல் ஒரு பிடிக்குள் அடங்கியது. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டுகளில் அதைப் பரிமாறினாள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டுக்குட்டியைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு அகலம்.

மாமியார் தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். "ஏம்மா, இது காயா, காய் இருந்த தடமா?"

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் இஸ்திரிக் கடை முன்னால் நின்றாள். வெட்கம்தான். ஆனால் பதினொரு மாதக் காகிதத்தை நினைத்தால் வெட்கம் சின்ன விஷயம்.

"புதன்கிழமை அந்தத் தொகையைச் சொன்னா நீ ஏன் சிரிக்கிறே?"

இஸ்திரிக் கடைக்காரி இவளைவிட ஐந்தாறு வயது இளையவள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அக்கா, எங்க வீட்டுல அஞ்சு பேர். அந்தக் காசுல நீங்க அம்புட்டும் வாங்கறேன்னு சொன்னா, ஒண்ணு நீங்க மந்திரவாதியா இருக்கணும், இல்ல சமையக்கட்டுப் பக்கமே போகாதவங்களா இருக்கணும். எதுன்னு யோசிப்பேன். சிரிப்பு வந்துரும்."

"ரெண்டாவதுதான்னு வெச்சுக்கோ. இப்ப சொல்லு, நீ எப்படிப் பண்றே?"

அவள் சட்டைக் கையை மடித்துத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். காலையில் போனால் கடைக்காரன் ராஜா. சாயங்காலம் தார்ப்பாயை இழுத்து மூடும் நேரத்தில் போனால் நாம் ராணி. காலிஃபிளவர் வாங்குகிறவர்கள் ஒடித்துப் போடுகிற இலையையும் தண்டையும் கேட்டால் கொடுத்துவிடுவான். பொடியாக நறுக்கி வதக்கினால் முட்டைக்கோஸ் தோற்றுப்போகும். கீரைத் தண்டை எறியக் கூடாது, பயறோடு வேகவைக்க வேண்டும். உடைத்த பருப்பைவிட முழுப் பயறு நல்லது. முந்தின நாளே ஊறவைத்தால் பொங்கி வரும். பூசணிக்காயை முழுசாக வாங்கி நாலு வீடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முட்டையை ஆளுக்கொன்று என்று அவிக்காமல், மூன்றை அடித்துக் காயில் ஊற்றிக் கிளறினால் ஐந்து பேருக்கு வரும்.

அத்தனையும் அக்கா செய்து பார்த்தாள். வாசனை நன்றாக இருந்தது. தண்டு வெள்ளையாக இருந்த காரணத்தால் மகள் அதைச் சாப்பிட்டாள். ஆனால் தட்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறையவில்லை. நாளை மறுநாள் மேடம் வருகிறார்கள். ஐந்தாவது வாய் வேறு.

"இன்னும் பாதி வரலைடி" என்று மறுபடி போய் நின்றாள்.

"அக்கா, உங்க அட்டையில தட்டோட சைசு போட்டிருக்கா?"

போடவில்லை. அன்று மாலையே இஸ்திரிக் கடைக்காரி தன் வீட்டிலிருந்த குழந்தைத் தட்டுகள் ஐந்தைத் துணிக்கட்டோடு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அகலம் ஒரு சாண்கூட இருக்காது. ஒன்றில் குடை பிடித்த கரடி. அது கணவனுக்கு என்று முடிவாயிற்று.

மேடம் ஆறரை மணிக்கு வந்தார். ஒல்லியாக, மெதுவாகப் பேசுகிறவர். நாற்காலி வேண்டாமென்று தரையிலேயே உட்கார்ந்தார். தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து போன் எடுத்துப் படம்பிடித்தார். சரியாகப் பாதி காய். கோடு போட்ட மாதிரி.

"இந்தக் கறியில என்ன போட்டீங்க? ரொம்ப நல்லா இருக்கு."

"காலிஃபிளவர் தண்டு, மேடம்."

கரடியைச் சோற்றால் மறைத்துக்கொண்டு கணவன் கவனமாகச் சாப்பிட்டான். இரண்டு வாயில் தட்டு காலியானதும் மகள் நிமிர்ந்தாள். "அம்மா, நம்ம தட்டு எப்ப வரும்?"

 மாமியார்தான் முந்திக்கொண்டாள். "அவ விளையாட்டுச் சாமானைக் கேக்குறாம்மா. சாப்பிடும்போதும் அதே நெனப்பு." கல்யாணமான பத்து வருஷத்தில் மருமகளுக்காக அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது, அதுவும் பொய்யாக இருந்தது.

மேடம் சிரித்தார். பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். "ஒருத்தர் கூட இருந்தும் அதே காசுல முடிச்சிருக்கீங்க. அப்படின்னா நாலு பேருக்கு இன்னும் குறைச்சலாவே முடியும். அட்டையில தொகையைக் கொறைச்சுடலாம்னு நெனைக்கிறேன். உங்க பேரைத்தான் உதாரணமா எழுதப் போறேன்."

பேசாமல் இருந்தால் போதும். வேலை நிரந்தரம். கணவன் கண்ணால் கெஞ்சினான். அக்காவுக்குப் புதன்கிழமைப் பெஞ்சுகளில் இருப்பவர்கள் ஞாபகம் வந்தார்கள். குறைந்த தொகையை அவர்கள் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டியவள் அவள்தான். எழுந்து போய் அலமாரியிலிருந்து கல்யாணத் தட்டை எடுத்துவந்து, தன் சின்னத் தட்டில் இருந்ததை அதில் கவிழ்த்தாள். எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கியது.

"மேடம், நாங்க சாப்பிடற தட்டு இது. மத்தது இரவல்."

மேடம் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எவ்வளவு கூட வேணும்?"

"தொகை ஒண்ணரை மடங்கு, மேடம். அதுவும் கடை மூடற நேரத்துக்குப் போனாத்தான்."

ஏதோ எழுதிக்கொண்டார். நன்றி சொன்னார். போய்விட்டார்.

"வாயை வாடகைக்கு விட்டிருந்தாக்கூட ரெண்டு காசு வந்திருக்கும்" என்றாள் மாமியார். கணவன் கரடியைக் கழுவிவைத்தான்.

இரண்டு மாதம் எந்தச் சத்தமும் இல்லை. அந்த இரண்டு மாதமும் ஊறவைத்த பயறும் தண்டும் பூசணியும் மாறி மாறி வந்தன. உருளைக்கிழங்கு வாரத்தில் இரண்டு நாளாகச் சுருங்கியது. பிறகு ஒரு திங்கட்கிழமை இரண்டு தபால்கள் வந்தன. ஒன்றில் நிரந்தர ஆணை. மற்றதில், சுருட்டிய புது அட்டை. தொகை குறையவில்லை, கூடவுமில்லை. படத்துக்குக் கீழே ஒரு வரி மட்டும் புதிதாக இருந்தது: தட்டின் அகலம் ஏழு அங்குலம். அந்தக் கரடித் தட்டின் அதே அளவு.

புதன்கிழமை வந்தது. பெஞ்சுகள் நிறைந்திருந்தன. அக்கா அட்டையை உயர்த்தினாள். கட்டைவிரல் அந்த ஏழு அங்குலத்தின் மேல் அழுத்தமாகப் பதிந்திருந்தது. மேலே பிடித்த இன்னொரு கை தொகையை மூடியிருந்தது.

"சந்தையில தார்ப்பாயை எத்தனை மணிக்கு இழுக்கிறாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.